தலைவர் எதற்கு, மேலாளர் எதற்கு?

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் கூட்டங்களில் இரண்டு கேள்விகள் அடிக்கடி எழும். ஒன்று, ‘நம்ம தலைவரே எல்லாத்தையும் ஓடி ஓடிப் பார்த்துக்கிறாரே, அப்புறம் மாசாமாசம் சம்பளம் கொடுத்து ஒரு சி.இ.ஓ எதுக்குங்க?’ இன்னொன்று இதற்கு நேர் எதிரானது. ‘ஆபீஸ் வேலை பூராவும் சி.இ.ஓ பார்க்குறாரு. தலைவர், இயக்குநர்னு இத்தனை பேர் எதுக்குங்க?’

கேட்பவர்கள் வம்புக்குக் கேட்பதில்லை. ஆயிரமோ இரண்டாயிரமோ பங்குத் தொகை கட்டியவர்கள். கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான்: நிர்வாகம் வேறு, தலைமை வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்ததால் படுத்துப்போன சங்கங்கள் பல.

தருமபுரி மாவட்டத்துக் குடியானவருக்கு இது ஏட்டுப் பாடம் இல்லை. தக்காளி விலை சரியும்போது பாலக்கோடு பக்கம் பறிப்புக் கூலிகூடக் கட்டாது என்று காட்டிலேயே விட்டுவிடுவார்கள். பறித்தவர்கள் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். தனி ஆளாக மண்டிக்குப் போகிறவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அந்த நிலை மாற வேண்டும் என்றுதான் பத்துப் பேர், நூறு பேர், ஆயிரம் பேர் என்று சேர்கிறார்கள். சேர்ந்தது கலைந்தால் போட்ட பணம் மட்டும் போவதில்லை. ‘கூட்டுன்னு சொல்லிக்கிட்டு யாரும் வராதீங்க’ என்ற கசப்பு அந்த ஊரில் பல வருஷம் தங்கிவிடுகிறது.

ஒரு கருவி, நாற்பது காடு

வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஒரு ரோட்டவேட்டர் போதும்.

தமிழ்நாடு அரசு 2017-18-ல் கூட்டுப்பண்ணையத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இருபது விவசாயிகள் சேர்ந்தால் ஓர் உழவர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து குழுக்கள் சேர்ந்தால் நூறு பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு. அந்தக் குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. அந்தப் பணத்தில் பல குழுக்கள் பண்ணைக் கருவிகள் வாங்கின.

கருவி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யார் காட்டில் எத்தனை மணி நேரம் ஓடியது, டீசல் எவ்வளவு, வாடகையில் யார் பாக்கி, எந்தத் தேதியில் ஆயில் மாற்ற வேண்டும், தேய்ந்த கத்தியை மாற்றப் பணம் ஒதுக்கியிருக்கிறதா என்பதையெல்லாம் ஒருவர் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இதுதான் நிர்வாகம். எழுதுகிறவருக்குக் கைதட்டு கிடைக்காது. எழுதாவிட்டால் இரண்டே வருஷத்தில் கருவி துருப்பிடித்துக் களத்து ஓரம் நிற்கும்.

ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி நல்ல மழை பெய்கிறது. விடிந்தால் மானாவாரியில் நிலக்கடலை போட நாற்பது பேருக்கு அதே கருவி வேண்டும். ஈரம் நான்கு நாள்தான் நிற்கும். வரிசை நோட்டில் முதலில் தலைவரின் பெயர். கடைசியில், ஆள் துணையில்லாத ஓர் அம்மாவின் அரை ஏக்கர். அந்த நேரத்தில் தலைவர் எழுந்து, ‘அந்தம்மா காட்டை முதல்ல ஓட்டுங்க. என் காட்டுக்குக் கடைசியா வந்தாப் போதும்’ என்று சொன்னால் அங்கே சண்டை அடங்குகிறது. மற்றவர்களும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கிறார்கள். இதுதான் தலைமை. எந்த நோட்டும் இதைச் சொல்லித் தராது.

ஆனால், விட்டுக்கொடுத்த அந்தத் தலைவருக்கும் நோட்டு வேண்டும். யாருக்கு எத்தனை மணி ஓடியது என்று அடுத்த வாரம் கணக்குத் தெரியாவிட்டால், அடங்கிய சண்டை திரும்பவும் கிளம்பும். நல்ல மனது மட்டும் இருந்து நோட்டு இல்லாத குழு ஒரு பருவம் ஓடும். நோட்டு மட்டும் இருக்கிற குழு அடுத்த மழை வரைக்கும் ஓடும்.

மானியம் குறைந்தது, வரிசை நீண்டது

இந்த மாவட்டத்திலேயே இதற்குப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004-ல், தமிழ்நாடு அரசின் நிதியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இரண்டு மாவட்டங்களிலும் துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியது. 2004-05 முதல் 2006-07 வரை மூன்று ஆண்டுகள், 400 ஹெக்டேர், 7 கோடியே 20 லட்சம் ரூபாய். பல்கலைக்கழகத்தின் சார்பில் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் முனைவர் இ. வடிவேல்.

முதல் வருஷம் நூறு சதவிகித மானியம். ஹெக்டேருக்குச் சொட்டுநீர் அமைப்புக்கு 75,000 ரூபாய், சாகுபடிச் செலவுக்கு 40,000 ரூபாய். இவ்வளவு கொடுத்தும் ஆரம்பத்தில் விவசாயிகள் தயங்கினார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அடுத்தடுத்து வந்த வறட்சியில் கிணறும் போர்வெல்லும் வற்றி நொந்து போயிருந்தார்கள். புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் தெம்பு அவர்களிடம் இல்லை. சும்மா கொடுப்பதையும் நம்பி வாங்க மனசு வேண்டும் அல்லவா?

திட்டத்தின் நிர்வாகப் பக்கம் மிகவும் கறாராக இருந்தது. மண் பரிசோதனை, அடிமண் இறுக்கத்தை உடைக்க உளிக்கலப்பை உழவு, நிழல்வலைக் கூடத்தில் குழித்தட்டு நாற்று, செடிக்குச் செடி இடைவெளி, சொட்டுநீர்க் குழாய் வழியே நீரில் கரையும் உரத்தைப் பயிரின் வயதுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் அட்டவணை இருந்தது. முதல் பயிரை முழுக்க முழுக்க விஞ்ஞானிகள் பக்கத்திலிருந்து வழிகாட்டிச் செய்ய வைத்தார்கள்.

இத்தோடு நின்றிருந்தால் அது இன்னுமொரு மானியத் திட்டமாக முடிந்திருக்கும். மூன்று ஆண்டுகளுக்குள் அடுத்த ஐந்து பயிர்களை விவசாயிகளே எடுக்க வேண்டும் என்று முதலிலேயே வகுத்திருந்தார்கள். விஞ்ஞானி ஒரு எட்டுப் பின்னால் போனார். விவசாயி முன்னால் வந்தார். எந்தப் பயிர் வைப்பது, எந்தச் சந்தைக்கு அனுப்புவது என்ற முடிவுகள் அவர் கைக்கு வந்தன. விவசாயிகள் சங்கங்களாகச் சேர்ந்து இடுபொருளை மொத்தமாகப் பேசி வாங்கவும், விளைச்சலைச் சேர்த்து விற்கவும் பழகினார்கள். பிற்பாடு அந்தச் சங்கங்களின் வழியாகவே தருமபுரியில் விவசாயிகளின் சொந்த நிறுவனமும் உருவானது.

இரண்டாம் வருஷம் மானியம் 90 சதவிகிதமாகவும் மூன்றாம் வருஷம் 80 சதவிகிதமாகவும் குறைந்தது. ஆட்களும் குறைந்திருக்க வேண்டும். ஆனால், பெயர் கொடுக்க வந்தவர்களின் வரிசை நீண்டது. முதல் வருஷம் துணிந்து இறங்கியவர்களின் காட்டை மற்றவர்கள் வரப்பில் நின்று பார்த்திருந்தார்கள். அவர்களின் காய்க்குச் சந்தையில் கிடைத்த விலையையும் பார்த்திருந்தார்கள். அதிகாரி பத்துத் தடவை பேசி ஏறாதது, பக்கத்துக் காட்டுக்காரரின் ஒரு வெள்ளாமையில் ஏறிவிட்டது. பதவியோ மாலையோ இல்லாமல் முதலில் இறங்கிய அந்த விவசாயிகள்தான் திட்டத்தின் தலைவர்கள். அட்டவணை போட்டுக் கொடுத்தவர்கள் அதன் நிர்வாகிகள். முதல் தரப்பு இல்லாவிட்டால் அட்டவணை காகிதமாக இருந்திருக்கும். இரண்டாவது தரப்பு இல்லாவிட்டால் துணிந்து இறங்கியவர்கள் கடனாளியாகியிருப்பார்கள்.

சிட்லிங்கியில் நடந்தது

இதே மாவட்டத்தில், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் இருக்கிறது சிட்லிங்கி பள்ளத்தாக்கு. மலையாளி பழங்குடி மக்களும் லம்பாடி மக்களும் வாழும் பகுதி. 1993-ல் மருத்துவத் தம்பதி ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இருவரும் அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அப்போது பிறக்கும் 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. பிறகு அந்த எண்ணிக்கை இருபதை ஒட்டி இறங்கியது.

அவர்கள் இரண்டு பேர் மட்டும் வைத்தியம் பார்த்து இது நடக்கவில்லை. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செவிலியர்களாகவும் ஊர்தோறும் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆக்கினார்கள். பிறகு வைத்தியத்தோடு நிற்காமல், மண்ணும் சாப்பாடும் நன்றாக இருந்தால்தான் உடம்பும் நன்றாக இருக்கும் என்று சில விவசாயிகளோடு இயற்கை விவசாயத்துக்கு வழி திறந்தார்கள். ஒரு சிலரோடு ஆரம்பித்தது, சிட்லிங்கி இயற்கை விவசாயிகள் சங்கமாக வளர்ந்து நிற்கிறது.

இயற்கை விவசாயச் சங்கத்திலும் இந்த இரண்டு பக்கங்கள் உண்டு. சான்றிதழ் வேண்டுமானால் காட்டுக்குக் காடு பதிவேடு வேண்டும். எந்த விதை, எப்போது விதைத்தது, என்ன எரு போட்டது, அறுத்ததை எங்கே வைத்தது என்று எழுத வேண்டும். அது நிர்வாகம். ஆனால் பக்கத்துக் காட்டுக்காரர் மருந்தடித்துப் பூச்சி இல்லாமல் நிற்கும்போது, விளைச்சல் குறையும் என்று தெரிந்தும் தான் அடிக்காமல் இருக்க வேண்டும். யாரும் பார்க்காத நேரத்தில் கைத்தெளிப்பானை எடுக்காமல் இருக்க வைப்பது பதிவேடு அல்ல. ‘நாம எதுக்காக இதைச் செய்யுறோம்’ என்று மனசில் பதிந்திருக்க வேண்டும். அதைப் பதிய வைப்பது தலைமையின் வேலை.

ஆனந்தில் இரண்டு பேர்

இரண்டு வேலையையும் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு ஒரு நிறுவனத்தையே தூக்கி நிறுத்திய கதை குஜராத்தில் இருக்கிறது. கேடா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர்கள், ஒரு தனியார் நிறுவனம் வைத்ததே விலை என்ற நிலையை எதிர்த்துப் பால் ஊற்ற மறுத்தார்கள். அதன் பிறகு 1946 டிசம்பர் 14-ல் ஆனந்தில் கூட்டுறவு ஒன்றியம் பதிவானது. இரண்டு கிராமச் சங்கங்கள், நாளுக்குச் சுமார் 250 லிட்டர் பால். அவ்வளவுதான் ஆரம்பம். அதுதான் இன்றைய அமுல்.

அதன் தலைவர் திரிபுவன்தாஸ் படேல். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். ஊர் ஊராக நடந்து, சாதி பார்க்காமல் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று பால் ஊற்ற வைத்தவர். ஆனால், பாலைப் பதப்படுத்தும் இயந்திரம் பழுதானால் அவருக்கு ஒன்றும் புரியாது. 1949-ல் அரசுப் பால்பண்ணை வேலைக்கு ஓர் இளைஞர் ஆனந்துக்கு வந்தார். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். பெயர் வர்கீஸ் குரியன். ஊரை விட்டுக் கிளம்பத் தயாராக இருந்த அவரைத் தங்க வைத்து, ஒன்றியத்தின் மேலாளர் ஆக்கினார் திரிபுவன்தாஸ்.

குரியன் அந்த ஊர்க்காரர் இல்லை. அவரிடம் எருமையும் இல்லை. தன்னை விவசாயிகளின் ஊழியன் என்றே சொல்லிக்கொண்டார். தலைவர், மேலாளரின் அன்றாட வேலையில் கைவைக்கவில்லை. வெளியிலிருந்து வந்த அரசியல் நெருக்கடி மேலாளரைத் தொடாமல் பார்த்துக்கொண்டார். மேலாளர், தலைவர் கிராமங்களில் சம்பாதித்து வைத்திருந்த நம்பிக்கைக்குப் பங்கம் வராமல், அளவிலும் பட்டுவாடாவிலும் சுத்தமாக இருந்தார். எருமைப் பாலிலிருந்து பால்பவுடர் எடுக்க முடியாது என்று நிபுணர்கள் சொன்னதைப் பொய்யாக்கிய ஆலை 1955-ல் அங்கேதான் திறக்கப்பட்டது. 1963-ல் ராமன் மகசேசே விருது இருவருக்கும், பம்பாய்ப் பால் திட்டத்தை உருவாக்கிய தாரா குரோடிக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. விருதின் பிரிவு, சமூகத் தலைமை. மேலாளராகச் சேர்ந்தவருக்கும் தலைமைக்கான விருது கிடைத்திருக்கிறது. வேலையை ஒழுங்காகச் செய்கிற மேலாளரிடம் தலைமைக் குணமும் வளரும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

சட்டம் போட்டிருக்கும் பாத்தி

விவசாயிகளின் நிறுவனத்துக்கான சட்டமும் இந்த இரண்டு வேலைகளையும் பாத்தி கட்டிப் பிரித்தே வைத்திருக்கிறது. உற்பத்தியாளர் நிறுவனத்தில் 5 முதல் 15 இயக்குநர்கள் இருக்கலாம். உறுப்பினர்கள் அவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். முழுநேர முதன்மைச் செயல் அலுவலரை, அதாவது சி.இ.ஓ-வை, இயக்குநர் குழு நியமிக்க வேண்டும். அவர் உறுப்பினராக இருக்கக் கூடாது.

அன்றாட வேலை, வங்கிக் கணக்கு, ரொக்கப் பாதுகாப்பு, கணக்குப் புத்தகம், ஆண்டுக் கணக்கு, உறுப்பினர்களுக்கு அவ்வப்போது தகவல் கொடுப்பது எல்லாம் சி.இ.ஓ-வின் பொறுப்பு. நிறுவனம் எதை நோக்கிப் போக வேண்டும், இந்த வருஷம் என்ன சாதிக்க வேண்டும், யாரை உறுப்பினராகச் சேர்ப்பது, லாபத்தை எப்படிப் பிரிப்பது, சி.இ.ஓ-வின் வேலையைக் கண்காணிப்பது ஆகியவை இயக்குநர் குழுவின் பொறுப்பு.

இந்த வரப்பு இரண்டு விதமாக உடைகிறது. முதல் விதத்தில், தலைவரே எடை போடுகிறார், விலை பேசுகிறார், காசோலைப் புத்தகத்தைப் பையில் வைத்திருக்கிறார். நேர்மையானவராகவே இருக்கட்டும். அவர் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் படுத்தால் நிறுவனமும் கூடவே படுத்துவிடும். நேர்மையில்லாதவராக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது விதத்தில், எல்லாம் சி.இ.ஓ கையில். இயக்குநர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். பயிற்சிக்கு ஆள் கூட்டுவது, போட்டோ எடுப்பது, அறிக்கை அனுப்புவது என்று வேலை நடக்கும். உறுப்பினர் என்பது பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவுதான். மத்திய அரசு 2020-ல் அறிவித்த 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் ஓர் அமைப்புக்கு மூன்று ஆண்டுகளில் அதிகபட்சம் 18 லட்சம் ரூபாய் நிர்வாகச் செலவுக்குக் கிடைக்கும். அந்தக் காலம் முடிந்ததும் நிறுவனம் சொந்த வருமானத்தில் நிற்க வேண்டும். நிற்க முடியாவிட்டால் சி.இ.ஓ வேறு வேலைக்குப் போய்விடுவார். அவரைத் தடுக்கவும் முடியாது, குற்றம் சொல்லவும் முடியாது. அது அவர் பிழைப்பு. ஷட்டரை அடைக்கும் நாளில்தான், இத்தனை நாளும் அங்கே தலைமை என்று ஒன்று இல்லை என்பது எல்லோருக்கும் தெரியவரும்.

பொதுக்குழுவில் கேட்க வேண்டியவை

ஒவ்வோர் உறுப்பினரும் ஆண்டுப் பொதுக்குழுவில் எழுந்து கேட்கலாம். சண்டைக்காரர் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

சி.இ.ஓ-விடம் கேட்க வேண்டியவை:

- கையிருப்பு ரொக்கம் எவ்வளவு, வங்கியில் எவ்வளவு, வெளியில் வர வேண்டிய பாக்கி எவ்வளவு?
- இடுபொருள் எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்கப்பட்டது? எத்தனை கடையில் விலை விசாரிக்கப்பட்டது?
- உறுப்பினர்களில் எத்தனை பேர் இந்த வருஷம் நிறுவனத்துக்கு விளைபொருள் கொடுத்தார்கள்?
- நீங்கள் நாளைக்கே விலகினால், இந்தக் கணக்கைப் பார்த்து வேறொருவர் வேலையைத் தொடர முடியுமா?

தலைவரிடமும் இயக்குநர்களிடமும் கேட்க வேண்டியவை:

- மூன்று வருஷம் கழித்து இந்த நிறுவனம் எங்கே நிற்கும்?
- விளைபொருள் கொடுக்காத உறுப்பினர்களின் வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்டீர்களா?
- உங்கள் சொந்த விளைச்சலை நிறுவனத்துக்குக் கொடுக்கிறீர்களா, வெளியில் விற்கிறீர்களா?
- உங்களுக்குப் பிறகு இந்தப் பொறுப்புக்கு யாரைத் தயார் செய்கிறீர்கள்? அதில் பெண்களும் இளைஞர்களும் இருக்கிறார்களா?

மூன்றாவதாக ஒரு கேள்வியை உறுப்பினர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். வெளியில் வியாபாரி கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுத்த அன்றைக்கு, நிறுவனத்தை விட்டுவிட்டு அங்கே ஓடினோமா? எல்லோரும் அப்படி ஓடினால் திறமையான மேலாளரும் நல்ல தலைவரும் இருந்தும் தராசில் வைக்கச் சரக்கு இருக்காது. முதல் வருஷம் தைரியமாக இறங்கிய துல்லியப் பண்ணைய விவசாயிக்கு எந்தப் பதவியும் கிடையாது. தன் காட்டில் செய்து காட்டினார், ஊர் பின்னால் வந்தது. அந்த வேலையைச் சாதாரண உறுப்பினரும் செய்யலாம்.

பொதுக்குழுவுக்குக் குறைந்தது பதினான்கு நாள் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நிறுவன விதிகளில் அதைவிடக் கூடுதலாகச் சொல்லியிருந்தால் தவிர, உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டமே செல்லும். அறிவிப்போடு போன கூட்டத்தின் தீர்மானங்களும் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கும் வர வேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். வந்தால், கூட்டத்துக்கு முதல் நாள் ராத்திரியாவது, வீட்டில் படிக்கிற பிள்ளையை உட்கார வைத்து வரி விடாமல் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.